கட்டாத நூல்

கடலுக்கும் வாவிக்கும் இடையில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் தேற்றாத்தீவைத் தாண்டினால் களுதாவளை வரும். அதற்கு அடுத்தது களுவாஞ்சிகுடி. களுதாவளை என்றதும் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருபவை இரண்டு: சுயம்புலிங்கப் பிள்ளையார் கோவில், வெற்றிலை. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பிள்ளை இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுதால், சோறு வேண்டாம் என்றால், தனியே கிணற்றடிக்குப் போகப் பின்வாங்கினால், பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது என்றுதான் வீட்டின் மூத்தவர்கள் முதலில் சொல்வார்கள். பார்வை பார்க்கத் தெரிந்தவரிடம் கூட்டிப்போவார்கள். அவர் தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுப்பார், நூல் ஓதிக் கையில் கட்டிவிடுவார். ஒரு கிழமைக்குள் பிள்ளை பழையபடி ஓடி விளையாடும். “பாத்தியா மனே, நூல் கட்டினதும் பயம் போயிற்று” என்பார் அம்மம்மா.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சுருட்டிக்கொண்டு போனது. அடுத்த சில மாதங்களில், இதுவரை கேள்விப்படாத பெயர்களைக் கொண்ட நிறுவனங்கள் வாகனம் வாகனமாக வந்து இறங்கின. முகாம்களில் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, கடதாசியும் வர்ணப் பென்சிலும் கொடுத்துக் கடலை வரையச் சொன்னார்கள், நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பல பிள்ளைகள் இரவில் நிம்மதியாகத் தூங்கினார்கள். உளவளத்துணை பலித்தது என்று அறிக்கை எழுதப்பட்டது.

அம்மம்மாவும் அறிக்கை எழுதியவரும் வேறு வேறு உலகத்தவர்கள். ஆனால் இருவரும் நியாயம் பேசும் விதம் ஒன்றுதான்: முன்பு பயம் இருந்தது, நாம் ஒன்றைச் செய்தோம், இப்போது பயம் இல்லை. ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளுபவருக்கு இந்த நியாயத்தில் ஆதாரம் கிடைக்காது. பிள்ளையைக் குணமாக்கியது எது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நடக்காத ஒன்றைப் பார்ப்பது

நூல் கட்டியதால் பயம் போனதா என்று அறிய, அதே பிள்ளைக்கு அதே நாட்களில் நூல் கட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியவேண்டும். அந்த வாழ்க்கை நடக்கவேயில்லை. அதை யாரும் பார்க்க முடியாது. உளவியலில் பரிசோதனை முறை என்று சொல்லப்படுவதெல்லாம், பார்க்கவே முடியாத அந்த இன்னொரு வாழ்க்கையை நேர்மையாக ஊகித்துக்கொள்ள மனிதர் கண்ட வழிகள்தான்.

ஊகிப்பது ஏன் கடினம்? முதலாவது, மனக்காயங்களில் பெரும்பங்கு தானாகவே ஆறும். பேரழிவைக் கண்டவர்களில் மிகப் பலர், யாருடைய சிகிச்சையும் இல்லாமல், வீட்டார், அயலவர், பாடசாலை, கோவில், வேலை என்ற வழமைகளுக்குள் திரும்பி வந்து தேறிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பூடகமானது. பயம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். பிள்ளையை நாம் எப்போது கூட்டிப்போகிறோம்? பயம் உச்சத்துக்கு ஏறிய நாளில். உச்சத்துக்கு ஏறியது பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். இதைச் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்போம். ஓர் ஊரில் மிகவும் பயந்த 50 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்கு எதையுமே செய்யாமல், ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்தால் அவர்களின் சராசரிப் பயம் குறைந்திருக்கும். உதவித் திட்டங்கள் மோசமான நிலையில் இருப்பவர்களைத் தேடியெடுத்தே தொடங்குவதால், இந்த இறக்கத்தின் புகழ் ஒவ்வொரு திட்டத்துக்கும் இலவசமாகப் போய்ச்சேர்கிறது.

மூன்றாவது, நம் ஞாபகம். நூல் கட்டியும் பயம் போகாவிட்டால், “இது பெரிய கோளாறு, வேறு ஆளிடம் காட்டவேணும்” என்போம். தோல்வி நூலின் கணக்கில் ஏறாது. உளவளத்துணையிலும் அப்படித்தான். இடையில் வராமல் நின்றுபோன பிள்ளைகள் கடைசி அறிக்கையில் இருப்பதில்லை.

வெற்றிலைத் தோட்டத்தில் ஒரு பசளை

களுதாவளையில் வெற்றிலை செய்யும் ஒருவருக்குப் புதிய பசளை ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கொடிகளுக்கும் போட்டால், கொழுந்து நன்றாக வந்தது பசளையாலா, அந்தப் போகத்து மழையாலா என்று தெரியாது. ஆகவே பாதிக் கொடிகளுக்கு மட்டும் போடுகிறார். எந்தப் பாதி? கை தானாகவே கிணற்றடி வரிசைக்குப் போகும். அங்கே தண்ணீர் தாராளம், நிழலும் உண்டு. கடைசியில் அந்த வரிசை செழித்தால் அது பசளையா, கிணறா? ‘நான் நடுநிலையோடு பிரிக்கிறேன்’ என்று அவர் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும், அவருக்கே தெரியாத வேறுபாடுகள் மண்ணுக்குள் இருக்கும்: ஓரிடத்தில் பழைய சாணக்குழி, இன்னோரிடத்தில் உவர்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் உண்மையில் விவசாயத்தோடு மல்லுக்கட்டிய ஒரு கணித அறிஞர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கக்கூடாது, குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்றார். 1935இல் வெளிவந்த பரிசோதனை வடிவமைப்புப் பற்றிய அவருடைய நூல் இந்த யோசனையை உலகெங்கும் கொண்டுபோனது. கோவிலில் திருவுளச்சீட்டுப் போடும்போது நம் விருப்பு வெறுப்பு விலகிவிடுகிறதே, அதே விலகல்தான் இங்கே வேண்டியிருக்கிறது. கிணற்றடிக் கொடி எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. கொடிகள் நிறைய இருந்தால் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் போய்விடும். நமக்குத் தெரிந்த வேறுபாடுகளும் தெரியாத வேறுபாடுகளும் ஒருசேரப் பங்கிடப்படும். இதைக் ‘குலுக்கல் ஒதுக்கீடு’ என்போம். பசளை போடாத பாதி ‘ஒப்பீட்டுக் குழு’.

உளவியலாளர்கள் இதை ஃபிஷருக்கு முன்பே ஒரு சிறு மூலையில் கையாண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் சார்ல்ஸ் பியர்ஸ், ஜோசப் ஜாஸ்ட்ரோ என்ற இருவர் 1884 அளவில், எடையில் மிக நுண்ணிய வேறுபாட்டை மனிதர் உணர்கிறார்களா என்று சோதித்தார்கள். எந்த எடை முதலில் வரும் என்பதைக் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டை வைத்துத் தீர்மானித்தார்கள். சோதிக்கப்படுபவர் ஒழுங்கை ஊகித்துவிடக்கூடாதல்லவா?

நூலைச் சோதிக்கலாமா

சோதிக்கலாம். பயந்த பிள்ளைகள் 100 பேரைக் குலுக்கிப் பிரித்து, 50 பேருக்கு நூல் கட்டி 50 பேரை விட்டுவிடலாம். ஆனால் அதில் இன்னொரு தடை வரும். நூல் கட்டிய வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். தாயின் முகம் தெளிகிறது. அதைப் பார்த்தே பிள்ளை அமைதியடையலாம். அப்படியானால் வேலை செய்தது ஓதலா, நம்பிக்கையா?

இதைப் பிரிக்க, இரண்டு குழுவுக்கும் நூல் கட்டவேண்டும். ஒரு குழுவின் நூல் ஓதியது, மற்றது ஓதாதது. எது எதுவென்று பிள்ளைக்கும் தாய்க்கும் தெரியாது, பிறகு வந்து பயத்தை அளப்பவருக்கும் தெரியாது. இப்படி மூடிவைப்பதை ‘மறைப்பு’ என்று சொல்லலாம். மருந்து ஆய்வுகளில் இது எளிது. வெறும் மாவில் செய்த குளிசையை மருந்துக் குளிசை போலவே தோன்றச் செய்யலாம். உளவளத்துணையை அப்படி மூடிவைக்க முடியாது. பிள்ளையோடு உட்கார்ந்து பேசுபவர் தான் பேசுகிறேன் என்று அறிவார், பிள்ளையும் அறியும். ஆகவே உளவியலில் முழு மறைப்பு அரிது. ஆனால் கடைசியில் வந்து அளப்பவருக்காவது யார் எந்தக் குழு என்று தெரியாமல் வைக்கலாம். அதைக்கூடச் செய்யாத ஆய்வை நான் ஐயத்தோடுதான் வாசிப்பேன்.

நல்ல எண்ணம் போதாமல் போனபோது

‘பேசினால் நல்லதுதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதி இல்லையே’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் கலைத்தது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு. தீக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் ஒரே அமர்வில், நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லவைத்து உணர்ச்சிகளைக் கொட்டவைத்தார்கள். அந்தக் காலத்தில் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த வழக்கம் அது. மற்றவர்களிடம் அப்படி எதுவும் செய்யவில்லை. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கும் பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் மனவடு நோய் இருந்தது. மனவடு நோய் என்று நான் சொல்வது, நடந்து முடிந்த பயங்கரம் கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வந்து வாழ்வை முடக்கும் நிலையை.

இந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு. பேசவைக்கப்பட்ட குழுவில் இருந்தவர்களின் தீக்காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது. ஆட்கள் குறைவாக இருக்கும்போது குலுக்கலும் இப்படி ஒருபக்கம் சாயும். ஆய்வாளர்களே அதை எழுதினார்கள். ஆகவே ‘பேசவைத்தது கெடுத்தது’ என்று இந்த ஒன்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிற ஆய்வுகளும் சேர்ந்து, ஓர் அமர்வுப் பேச்சு பலன் தரவில்லை என்ற பக்கமே நின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இந்த ஓர் அமர்வு முறையைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு அது. அதற்குள் எத்தனையோ முகாம்களில் எத்தனையோ பிள்ளைகள் கடலை வரைந்து முடித்திருந்தார்கள்.

31 பிள்ளைகள், இரண்டு வழிகள்

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் நடந்த ஒரு சிறு ஆய்வு 2009இல் வெளியானது. கிளாடியா கட்டானியும் கூட்டாளிகளும் நடத்தியது. போரையும் அலையையும் கண்டு மனவடு நோயின் அடையாளங்களோடு இருந்த 31 பிள்ளைகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். 16 பேர் தங்கள் வாழ்க்கைக் கதையை, பயங்கரமான பகுதிகளோடு சேர்த்து, ஒழுங்காகச் சொல்லிக் கோத்தார்கள். 15 பேர் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்தின் பின் முதற்குழுவில் 81 சதவீதமும் இரண்டாம் குழுவில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்.

அழகான எண்கள். உள்ளூர்க்காரர்களாலேயே இதைச் செய்ய முடியும் என்பது பெரிய செய்தி. ஆனால் கட்டாத நூல் இங்கே எங்கே? இரு குழுவுக்கும் ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டது. ஒன்றும் பெறாத மூன்றாம் குழு இல்லை. ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒரேயளவு பலித்தனவா, இரண்டும் இல்லாமலே அந்தப் பிள்ளைகளில் பலர் தேறியிருப்பார்களா என்பதை இந்த ஆய்வின் உள்ளிருந்து பிரிக்க முடியாது. மூன்றாம் குழுவை வைக்காதது இரக்கத்தால் என்றே நான் எண்ணுகிறேன். முகாமில் பயந்துபோயிருக்கும் ஒரு பிள்ளையை, நீ சும்மா இரு, உன்னை அளந்து பார்க்கிறோம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

காத்திருந்த 200 பேர்

அந்தக் கடினமான காரியத்தைச் செய்த ஆய்வு வட இலங்கையில் நடந்தது. 2012இல் வெளியான அதன் ஆசிரியர்களில் நெதர்லாந்தைச் சேர்ந்த வீட்சே டோல் முதலியவர்களோடு, யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சிவயோகனும் அனவரதன் வல்லிபுரமும் இருந்தார்கள். போரின் நெருக்கடி ஓயாத காலத்தில், பாடசாலைகளுக்குள் நடந்த வேலை.

ஆய்வாளர்கள் முதலில் பாடசாலைகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து 1,370 பிள்ளைகளைப் பரிசீலித்தார்கள். அவர்களில் 399 பேர் ஆய்வுக்குள் வந்தார்கள். 199 பேர் நிகழ்ச்சியில் சேர, 200 பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். காத்திருப்புப் பட்டியல் என்பது ஒழுக்கச் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் கண்ட சமரசம். உதவி மறுக்கப்படுவதில்லை, தள்ளிவைக்கப்படுகிறது. ஆளும் காசும் போதாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாத இடத்தில், யார் முதலில் என்பதைச் சிபாரிசு தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிப்பது நீதியானது.

குலுக்கலை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே செய்யாமல் பாடசாலை பாடசாலையாகச் செய்தார்கள். ஏனென்றால் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருப்பவர்களில் ஒருவர் நிகழ்ச்சிக்குப் போய் மற்றவர் போகாவிட்டால், இடைவேளைக்குள் எல்லாம் பரவிவிடும்: கற்ற விளையாட்டு, பாட்டு, கேட்ட வார்த்தை. பிறகு ஒப்பீட்டுக் குழு ஒப்பீட்டுக் குழுவாக இராது. இதைத் ‘தொகுதிக் குலுக்கல்’ என்போம்.

நிகழ்ச்சி 5 கிழமைகள், 15 அமர்வுகள். நடத்தியவர்கள் வைத்தியர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். எந்த அமர்வில் என்ன செய்வது என்பது கைநூலில் எழுதப்பட்டிருந்தது. எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உத்திகளோடு வரைதல், நடிப்பு, பாட்டு, விளையாட்டு ஆகியன கலந்திருந்தன. தொடக்கத்தில் பாதுகாப்பு உணர்வை வளர்ப்பது, நடுவில் பட்டதைச் சொல்லுவது, கடைசியில் தன் பலங்களையும் சுற்றத்தாரையும் அடையாளம் காண்பது என்று படிப்படியாகப் போகும். இரு குழுவையும் மூன்று முறை அளந்தார்கள்: தொடங்குமுன், முடிந்து ஒரு கிழமையில், மூன்று மாதத்தில். மூன்றாவது அளவு மிகமிக முக்கியம். நிகழ்ச்சி முடிந்த கிழமையில் யாருக்கும் உற்சாகம் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பாடசாலையும் வீடும் பழைய நிலைக்குப் போனபின் எஞ்சுவதுதான் கணக்கு.

முதன்மையாகப் பார்க்க நினைத்தவை மூன்று: மனவடு அறிகுறிகள், மனச்சோர்வு, பதகளிப்பு. மூன்றிலும், மொத்தமாக எடுத்துப் பார்த்தால், இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த வரியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காத்திருந்த 200 பேர் இல்லாமல் 199 பேரை மட்டும் முன்னும் பின்னும் அளந்திருந்தால் எந்த மாற்றத்தையும் நிகழ்ச்சியின் வெற்றியாக எழுதியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை. அந்த 200 பேரின் காத்திருப்புத்தான் நமக்கு உண்மையைச் சொன்னது. அந்தப் பிள்ளைகளுக்கு இலங்கையின் உளவியல் கடமைப்பட்டிருக்கிறது.

முரட்டுத்தனம், சண்டை பிடித்தல் போன்ற நடத்தைப் பிரச்சினைகள் மட்டும் நிகழ்ச்சியில் சேர்ந்தவர்களிடம் கூடுதலாகக் குறைந்தன. வயதில் சிறியவர்களிடம் இந்தப் பலன் தூக்கலாக இருந்தது. ஆண்பிள்ளைகளிடம் மனவடுவிலும் பதகளிப்பிலும் பலன் தெரிந்தது. அன்றாடம் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல். நெஞ்சில் தைக்கும் முடிவு இதற்குப் பிறகு வருகிறது: நிகழ்ச்சியில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், காத்திருந்த பெண்பிள்ளைகளின் அறிகுறிகள் அளவுக்குக் குறையவில்லை. சும்மா இருந்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். இயல்பாக நடந்துகொண்டிருந்த ஆறுதலை நிகழ்ச்சி சிலருக்குத் தடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அன்போடு, பயிற்சியோடு, உள்ளூர்க்காரர்களே செய்த ஒன்று அது. நடத்தியவர்கள் அமர்வுகளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எவ்வளவு பரிவுள்ள கண்ணாக இருந்தாலும், எதிரே இருக்கும் பிள்ளையைத்தான் பார்க்கும். அதே பிள்ளை வராமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பார்க்காது.

துண்டு துண்டாக வெட்டும்போது

ஆண், பெண், சிறியவர், பெரியவர், நெருக்கடி கூடியவர், குறைந்தவர் என்று 399 பேரையும் கூறுபோட்டால் ஏதாவது ஒரு கூறில் ஏதாவது வேறுபாடு தற்செயலாகத் தென்படும். அப்படித் தென்பட்டதைப் பிறகு பிடித்துக்கொண்டு, இதைத்தான் தேடினோம் என்று எழுதுவது உளவியலை நீண்டகாலம் பீடித்திருந்த நோய். எதைத் தேடப்போகிறோம், எந்தக் கூறுகளாகப் பார்க்கப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிப் பகிரங்கமாகப் பதிந்துவைப்பது இதற்கு மருந்து. இப்போது பல ஆய்விதழ்கள் சிகிச்சைச் சோதனைகளுக்கு இப்படிப் பதிவதைக் கட்டாயமாக்கிவிட்டன.

ஆகவே பெண்பிள்ளைகள் பற்றிய முடிவைத் தீர்ப்பாக எடுக்கக்கூடாது, எச்சரிக்கையாக எடுக்கவேண்டும். இதே நிகழ்ச்சியை இந்தோனேசியாவின் போசோ பகுதியில், மதக்கலவரத்தைக் கண்ட 495 பிள்ளைகளிடம் இதேபோலக் குலுக்கல் முறையில் சோதித்திருந்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள் காத்திருந்தவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன, எதிர்காலம் பற்றிய நம்பிக்கையும் தளராமல் நின்றது. மனச்சோர்விலும் பதகளிப்பிலும் வேறுபாடு இல்லை. ஒரே கைநூல், ஒரே 15 அமர்வு. போசோவில் ஒரு விடை, வட இலங்கையில் இன்னொரு விடை. போசோவில் கலவரத்தின் உச்சம் கடந்திருந்தது, இங்கே போர் நடந்துகொண்டிருந்தது. வெளியே ஆபத்து உண்மையாகவே இருக்கும்போது, பயப்படாதே என்று கற்பிப்பது எந்த அளவுக்குச் சரி? நிகழ்ச்சியின் தரத்தைக் கேட்குமுன் அது நடக்கும் இடத்தைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பயத்துக்கு எந்தப் படி

இதுவரை ‘அளந்தார்கள்’ என்று எளிதாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெற்றிலையை எண்ணிக் கட்டலாம், பயத்தை அப்படி எண்ண முடியாது. உளவியலாளர்கள் வினாக்கொத்தை வைத்தே அளக்கிறார்கள்: கெட்ட கனவு வருகிறதா, ஒருபோதும் இல்லையா, சிலவேளையா, அடிக்கடியா? அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதிய கேள்வியைத் தமிழாக்கி மட்டக்களப்பில் கேட்டால் அதே பொருளைத்தான் அளக்கிறோமா?

இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இதை மறுபக்கமாகத் தொடங்கினார். கேள்விகளை முதலில் எழுதாமல், துன்பப்பட்டவர்களும் தேறியவர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்று இலங்கை மக்களிடமே கதை கேட்டு, அக்கதைகளிலிருந்து அளவுகோலை உருவாக்கினார். அப்படிக் கேட்கும்போது துன்பம் தலைக்குள் இருக்கும் அறிகுறியாக மட்டும் வெளிப்படுவதில்லை. வீட்டுக் கடமையைச் செய்ய முடியாமை, உறவுகளுக்குள் தன் இடத்தை இழப்பது என்று சமூகத்துக்குள் இருக்கும் காயமாக வெளிப்படுகிறது. அவரும் ஆய்வாளர் கென்னத் மில்லரும் இலங்கை இளையோரிடம் செய்த ஆய்வுகள், பேரழிவின் நினைவோடு கூடவே வறுமை, வீட்டுச் சண்டை போன்ற அன்றாட நெருக்கடிகளும் மனநிலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டின. அப்படியிருக்க, கனவை மட்டும் கேட்கும் அளவுகோல் பாதிப் பிள்ளையைத்தான் பார்க்கிறது.

குலுக்கக் கூடாதவை

மட்டக்களப்பு நகரில் 1996இல் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். போர் நடுவில் தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், செடி நட்டார்கள். இதைப் போன்றதைக் குலுக்கிச் சோதிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். எந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து வரலாம் என்பதே உயிர்ச்சிக்கலாக இருந்த நாட்கள் அவை. ஊர்ப் பெரியவர்களின் நம்பிக்கையைப் பெற்று மெல்லமெல்லக் கட்டிய உறவில், இந்த ஊருக்கு ஆம், அந்த ஊருக்கு அடுத்த வருடம் என்று சீட்டுப் போட்டால் அந்த நம்பிக்கையே உடைந்திருக்கும். அன்றியும், இரண்டு சமூகத்துப் பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதற்குப் பலன் இருந்தால்தான் விளையாடலாம் என்று யாரும் நிபந்தனை வைக்கக்கூடாது.

ஆனால் ஒரு நிறுவனம் தன் நிகழ்ச்சியைச் சிகிச்சை என்று சொல்லி, நூறு பாடசாலைகளுக்குப் பரப்பக் காசு கேட்கும்போது நிலைமை வேறு. அங்கே ஒப்பீட்டுக் குழுவைக் கேட்பது அந்தப் பிள்ளைகள் மேல் வைத்த அக்கறை. வட இலங்கை ஆய்வைச் செய்தவர்கள் தங்கள் நிகழ்ச்சி முதன்மை அளவுகளில் பலிக்கவில்லை என்பதையும், ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத் தடையாக இருந்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். நிதி தருபவர்கள் வெற்றிக் கதைகளையே விரும்பும் உலகில் இது சாதாரண துணிவு இல்லை.

3,143 பிள்ளைகளின் விடைகள்

தனித்தனி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, ஒவ்வொன்றின் முடிவையும் எடுத்துச் சராசரி பார்ப்பதைவிடச் சிறந்த வழி, எல்லா ஆய்வுகளின் மூலப் பதிவுகளையும் ஒரே இடத்தில் கொட்டி, பிள்ளை பிள்ளையாகத் திரும்பக் கணக்கிடுவது. ஆய்வாளர் மரியானா புர்காட்டோ தலைமையில் டோல் முதலியோரும் சேர்ந்து 2018இல் அதைச் செய்தார்கள். போரையும் பேரழிவையும் கண்ட ஏழை நாடுகளில் நடந்த 11 குலுக்கல் ஆய்வுகள், 3,143 பிள்ளைகள். கூறுபோடும்போது வரும் தற்செயல் மயக்கம் இவ்வளவு பேரிடம் ஓரளவு குறையும்.

விடை: இத்தகைய உளசமூக நிகழ்ச்சிகளால் மனவடு அறிகுறிகள் காத்திருந்தவர்களைவிடச் சற்றே கூடுதலாகக் குறைகின்றன. பலன் சிறியது, ஆனால் சில கிழமைகள் கடந்த பின்னும் நிற்கிறது. 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கும், இடம்பெயராமல் சொந்த இடத்தில் இருந்தவர்களுக்கும், ஆட்கள் குறைந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் பலன் கூடுதலாக இருந்தது.

வட இலங்கைப் பிள்ளைகளின் சராசரி வயது ஏறத்தாழ 11. அங்கே நடத்தையில் கூடுதல் பலன் பெற்றவர்கள் அவர்களிலும் இளையவர்கள். மொத்தக் கணக்கோ மனவடுவில் மூத்த பிள்ளைகளைக் காட்டுகிறது. சிறியவர்களுக்கு விளையாட்டும் நடத்தையும், பெரியவர்களுக்குப் பேச்சும் நினைவும் என்று நிகழ்ச்சியையே இரண்டாகப் பிரிக்கவேண்டுமா? பெண்பிள்ளைகளுக்குப் பட்டதைச் சொல்லவைக்கும் நடு அமர்வுகளை மட்டும் மாற்றினால் போதுமா? இடம்பெயர்ந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது அமர்வா, வீடா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் அடுத்த குலுக்கலுக்குத் தயாராக இருக்கின்றன. அதை வடிவமைக்கக்கூடியவர்களில் சிலர் இப்போது களுதாவளை மகா வித்தியாலயத்திலோ அதன் அயலூர்ப் பாடசாலை ஒன்றிலோ விஞ்ஞானம் படித்துக்கொண்டிருக்கலாம்.